தயிர் நல்ல துணை. ஆனால் அதுவே மருந்தாகுமா?

வயிற்றால் போகிற குழந்தைக்குத் தயிர் கொடுக்கலாமா, கூடாதா?

எங்கள் தெருவில் பத்து வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பன்னிரண்டு பதில் கிடைக்கும். "தயிரா? ஐயையோ, சளி பிடிச்சுக்கும்!" என்பார் ஒருவர். "தயிர்சாதத்தைத் தவிர வேற எதையும் கண்ணுல காட்டாதே" என்பார் அடுத்த வீட்டுக்காரர். "இப்பத்தான் மருந்துக் கடையில நல்ல பாக்டீரியாவையே பொடியா பொட்டலத்துல அடைச்சு விக்கிறாங்களே, அதை வாங்கிக் கொடு" என்பார் மூன்றாவது வீட்டுக்காரர். மூன்று பேரும் குழந்தையின் நன்மைக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் துவண்டு போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் இளம் தாய் எந்தப் பேச்சைக் கேட்பாள்?

நான் பிளஸ் டூ வரை படித்தவள். டாக்டருமில்லை, நர்சுமில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், தினமும் பாலுக்கு உறை ஊற்றுகிறேன், மாவரைத்துப் புளிக்க வைக்கிறேன். எனக்கும் இந்தச் சந்தேகம் நெடுநாளாக உண்டு. 2025 பொங்கலுக்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்று, இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ளும்படி செய்துவிட்டது. டாக்டரிடம் கேட்டதையும், பிறகு படித்துக் குறித்து வைத்ததையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருச்சி. என் அக்கா மகள் ஓசூரிலிருந்து பதினோரு மாதக் கைக்குழந்தையோடு பொங்கலுக்கு வந்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று ராத்திரி பிள்ளை நாலு தடவை வாந்தி எடுத்தான். விடிந்ததும் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. பதினோரு மணிக்குள் ஏழு தடவை.

வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமாயிற்று. எழுபத்தெட்டு வயதான என் மாமியார், "மோரைக் கடைஞ்சு நிறையத் தண்ணி ஊத்தி, உப்புப் போட்டுச் சங்குல புகட்டுங்கடீ" என்றார். அக்கா மகளோ, "வேண்டாம் பாட்டி, இவன் அப்பா வீட்டுல வயிறு சரியில்லேன்னா பால், தயிர் எதுவும் கொடுக்க மாட்டாங்க. ஒரு நாள் வயித்தைக் காயப் போடுவாங்க" என்று கண்ணைக் கசக்கினாள். மாப்பிள்ளை யாரிடமும் எதுவும் பேசாமல் மருந்துக் கடைக்குப் போய் நல்ல பாக்டீரியாப் பொட்டலம் பத்து வாங்கி வந்துவிட்டார்.

நான் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தேன். அழுகிறான், கண்ணில் நீர் வரவில்லை. வாய்க்குள் விரலை வைத்தால் ஈரமே ஒட்டவில்லை. "காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனானா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. டயப்பரில் தண்ணீராகப் போகும்போது சிறுநீர் எது, மலம் எது என்று எப்படித் தெரியும்? தயிரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியாயிற்று. உடம்பிலிருந்து போன தண்ணீர் எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். "சித்தி, குடிச்சா வாந்தி எடுக்கிறானே" என்றாள் பெண். "எடுக்கட்டும். பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் கொடு, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா" என்று சொல்லி, ஆட்டோவில் ஏறும்போதும் டம்ளரும் ஸ்பூனுமாகத்தான் ஏறினோம்.

டாக்டர் சொன்ன கணக்கு

குழந்தை மருத்துவர் பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குப் போயிற்று. கண்கள் சற்று உள்ளே போயிருப்பதைக் காட்டினார். மாப்பிள்ளை பதறிப் போய், "டாக்டர், குளுக்கோஸ் ஏத்திடுங்க" என்றார். "வாயால குடிக்கிற பிள்ளைக்கு ஊசி எதுக்கு? இங்கேயே உட்கார்ந்து கொடுங்க, நான் பார்க்கிறேன்" என்றார் டாக்டர்.

பிள்ளை எட்டு கிலோ இருந்தான். இந்த மாதிரி நீர் குறைந்து போன குழந்தைக்கு, கிலோவுக்கு 75 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் கொடுக்க வேண்டுமாம். எட்டு கிலோவுக்கு 600 மில்லி. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் நர்சம்மா கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து மில்லி ஸ்பூனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். அவ்வளவுதான். மணிக்கு முப்பது ஸ்பூன், நாலு மணி நேரத்துக்கு நூற்றிருபது ஸ்பூன். நானும் அக்கா மகளும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். நடுவில் தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாவது மணியில் பிள்ளை டயப்பரில்லாத துணியில் ஒன்றுக்குப் போனான். அந்த ஈரத்தைப் பார்த்து ஒரு பெண் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்!

சாயங்காலம் டாக்டர் வந்ததும் எங்கள் பட்டிமன்றத்தை அவர் முன்னாலேயே வைத்தேன். "இது பெரும்பாலும் வைரஸால வர்றது. எந்த வைரஸ்னு சோதிக்கக்கூடத் தேவையில்லை, வைத்தியம் ஒண்ணுதான். தயிர் தாராளமா கொடுங்க, அது நல்ல சாப்பாடு. அந்தப் பொடியால இவனுக்குக் கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை. ஆனா இந்தத் தண்ணியை நிறுத்தினா மட்டும் ஆபத்து" என்றார்.

வைரஸ் குடலில் என்ன செய்கிறது?

நம் சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் இல்லை. டர்க்கி டவலைப் பார்த்திருப்பீர்கள், சின்னச் சின்ன நூல் வளையமாக நிற்குமே, அதுபோல லட்சக்கணக்கான நுண்ணிய விரல்கள் நிற்கின்றன. டவல் தண்ணீரை உறிஞ்சுவதுபோல இவைதான் சத்தையும் நீரையும் உறிஞ்சுகின்றன. ரோட்டா வைரஸ் அந்த விரல்களின் நுனியிலுள்ள செல்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை அழிக்கிறது. வழுக்கையாகிப் போன டவல் தண்ணீரை எப்படி உறிஞ்சும்? நீரெல்லாம் அப்படியே வெளியே போகிறது. புது செல்கள் முளைத்து மேலேறி வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை குழந்தையைக் காப்பாற்றி வைப்பதுதான் வைத்தியம்.

இந்த வைரஸை 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சக்கரம் போலத் தெரிந்ததால், லத்தீன் மொழியில் சக்கரம் என்று பொருள்படும் 'ரோட்டா' என்ற பெயர் வந்தது. தடுப்பு மருந்து வருவதற்கு முன்னால், வயிற்றுப்போக்கென்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் நாற்பது பேருக்கு இதுதான் காரணம். இன்னொன்று நோரோ வைரஸ். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் 1968-ல் பரவியதால் அந்தப் பெயர். 2021 நவம்பரில் கேரளத்து வயநாட்டில் கல்லூரி மாணவர்களுக்கு வந்ததே, அது இதுதான். நோரோ, சின்னவர் பெரியவர் என்று பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டிலும் அது நடந்தது. பிள்ளை தேறிய மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார். தினமும் இரண்டு வேளை கட்டித் தயிர் விட்டுச் சாப்பிடுகிற மனுஷர்! தயிர் கவசமென்றால் அவருக்கல்லவா முதலில் கவசம் இருந்திருக்க வேண்டும்? ஒரு வீட்டுக் கதையை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆகவே ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன்.

நல்ல பாக்டீரியா: புகழும் உண்மையும்

தயிருக்கு இந்தப் பெருமையை உலக மேடையில் வாங்கிக் கொடுத்தவர் ரஷ்யாவில் பிறந்து பாரிஸில் ஆராய்ச்சி செய்த மெச்னிகாஃப். 1908-ல் நோபல் பரிசு பெற்றவர். பரிசு வேறு ஆராய்ச்சிக்கு. ஆனால் பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் புளித்த பால் சாப்பிட்டுத்தான் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று அவர் எழுதப் போக, ஐரோப்பாவே தயிர்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டது. உயிருள்ள நுண்ணுயிரை, போதுமான அளவில் சாப்பிட்டு, அதனால் உடம்புக்கு நன்மை கிடைத்தால் அதற்கு 'ப்ரோபயாடிக்' என்று பெயர் என 2001-ல் உலக நிறுவனங்கள் வரையறுத்தன. இந்த மூன்று நிபந்தனையும் முக்கியம்.

மருந்துக் கடைப் பொடிகளில் பெயர் பெற்றது எல்.ஜி.ஜி. என்ற வகை. இது தயிரிலிருந்து வந்ததில்லை. 1980-களில் அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இரு விஞ்ஞானிகள் ஆரோக்கியமான ஒரு மனிதரின் குடலிலிருந்து பிரித்தெடுத்தது. வைரஸ் பேதிக்கு இது நல்லதென்று பல சிறிய ஆய்வுகள் சொல்லி வந்தன. 2018-ல் பெரிதாகச் சோதித்தார்கள். அமெரிக்காவில் 971 குழந்தைகள். பாதிப் பேருக்கு உண்மையான எல்.ஜி.ஜி., பாதிப் பேருக்கு அதேபோலத் தோன்றும் வெறும் பொடி. யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கனடாவில் 886 குழந்தைகளுக்கு வேறு இரண்டு வகை பாக்டீரியா சேர்ந்த பொடியை வைத்து இதே மாதிரி ஒரு சோதனை. இரண்டிலும் ஒரே முடிவுதான். வாந்தி பேதியின் கடுமையில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை! 2020-ல் காக்ரேன் என்ற ஆய்வுக் குழுவினர் 82 ஆய்வுகளை, பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தும், இரண்டு நாளைத் தாண்டும் பேதியைக் குறைப்பதில் பெரிய மாற்றம் அநேகமாக இல்லை என்றே எழுதினார்கள்.

கதை அதோடு முடிந்துவிடவில்லை. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேதி வந்த குழந்தைகளுக்கு நாலு வாரம் எல்.ஜி.ஜி. கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வு 2014-ல் வெளியானது. அதில் ரோட்டா வைரஸ் வந்த பிள்ளைகளுக்கு மறுபடி மறுபடி பேதி வருவது குறைந்தது. ஆண்டிபயாடிக் மருந்து சாப்பிடுவதால் வருகிற வயிற்றுப்போக்குக்கும் சில வகைகள் உதவுகின்றன. ஆக, நல்ல பாக்டீரியா சும்மா இல்லை. ஆனால் செல்லுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸை அது இழுத்து வெளியே போட முடியாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. குறைப்பிரசவக் குழந்தைக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நோயாளிக்கும் இந்தப் பொடியை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

அப்படியானால் தயிர் எதற்கு?

வீட்டுத் தயிரில் எந்த வகை பாக்டீரியா, எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு உறை மாறும், வெயிலுக்கு வெயில் புளிப்பு மாறும். ஆனாலும் அந்தச் சமயத்தில் தயிர் செய்கிற ஒரு பெரிய உதவி உண்டு. அது வைரஸோடு சண்டை போடுவதில்லை. பாலைச் செரிக்க வைப்பது!

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் நொதி, நாம் சொன்ன டவல் விரல்களின் நுனியில்தான் இருக்கிறது. வைரஸ் நுனியை அழித்ததும் நொதியும் குறைகிறது. அப்போது சில குழந்தைகளுக்குப் பசும்பால் கொடுத்தால் வயிறு உப்பி, பேதி இன்னும் கூடும். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்று புளிப்பாக்கிவிட்டது. மீதியைக் குடலுக்குள் போன பிறகும் உடைக்க உதவுகிறது. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. "பேதியானா பாலை நிறுத்து, மோரைக் கொடு" என்று கிழவிகள் சொன்னதில் எவ்வளவு விஷயம் பாருங்கள்! உப்புப் போட்ட நீர்மோரில் தண்ணீரும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கைக்கு வரும்வரை ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "இதை ஒரு டாக்டர் வந்து சொல்லணுமாக்கும்" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டார்.

ஆனால் தாய்ப்பாலுக்கு இந்தக் கதை பொருந்தாது. பேதியிலும் தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தயிரும் வேண்டாம், மோரும் வேண்டாம். தாய்ப்பாலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

புளித்ததெல்லாம் தயிராகுமா?

"அப்போ இட்லியும் புளிச்சதுதானே சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். நல்ல கேள்வி. மாவு பொங்குகிறதே, அந்த வேலையை முதலில் செய்வது லூக்கனாஸ்டாக் என்ற பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வருவது. ஆனால் இட்லிப் பானையில் வைத்து ஆவி வந்ததும் அத்தனையும் வெந்து போகின்றன. தோசைக்கல்லிலும் அப்படித்தான். மோர்க்குழம்பும் கொதித்துவிட்டால் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்று இட்லி சாப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆனால் புளித்து வெந்த மாவு மெத்தென்று எளிதில் செரிக்கும். பேதி வந்த குழந்தைக்கு இட்லி நல்ல ஆகாரம்தான்.

பழைய சோற்றில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய்ச்சியே தொடங்கினார்கள். அது வேறு வியாதி. வெயில் காலத்தில் பெரியவர்கள் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் ராத்திரி முழுதும் வெளியே இருந்த சோறு, ஊற்றிய தண்ணீர் எப்படிப்பட்டதோ! பேதியில் இருக்கும் குழந்தைக்கு அது வேண்டாம். புதிதாகக் குழைய வடித்த சாதத்தில், காய்ச்சிய பாலில் உறைந்த, புளிக்காத தயிரைப் போட்டு மசித்துக் கொடுப்பதே உத்தமம். பிரிட்ஜிலிருந்து எடுத்த தயிரைச் சற்று வெளியே வைத்துக் குளிர் போன பிறகு கொடுங்கள். சூடு பண்ணிவிடாதீர்கள்.

உயிர் காக்கும் தண்ணீர்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். பன்காவ் என்ற ஊர் முகாமில் காலரா. ஊசி வழியே ஏற்றும் மருந்து தீர்ந்து போயிற்று. திலீப் மஹாலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, சொந்தக்காரர்களையே டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. காலரா பாக்டீரியாவால் வருவது, நம் பிள்ளைக்கு வந்தது வைரஸால். ஆனால் இரண்டிலும் ஆளைக் கொல்வது உடம்பில் நீர் வற்றுவதுதான். சர்க்கரை உப்பைக் கைப்பிடித்துக் குடலுக்குள் அழைத்துப் போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. பேதி நேரத்திலும் அந்த வாசல் மூடுவதில்லை. இதைச் செய்த டாக்டர் 2022-ல் காலமானார். 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

என் நோட்டில் எழுதி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன்.

ஒன்று: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பெரியதற்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மில்லி. "கொஞ்சமா கரைப்போம்" என்று அரை டம்ளரில் பாதிப் பொடியைப் போடக் கூடாது. உப்பு கூடினால் ஆபத்து. கரைத்ததை மூடி வைத்து 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

இரண்டு: பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு.

மூன்று: ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர் வரை, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை. நான் சொல்வது 200 மில்லி டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி, மெதுவாக.

நான்கு: டாக்டர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையை பேதி நின்ற பிறகும் பதினாலு நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள்.

ஐந்து: வயிற்றைக் காயப் போடாதீர்கள். தயிர்சாதம், இட்லி, மசித்த வாழைப்பழம், பருப்புச் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். புது டவலை நெய்ய நூல் வேண்டாமா?

ஆறு: வைரஸுக்கு ஆண்டிபயாடிக் பயன்படாது. பேதியைச் சட்டென்று நிறுத்தும் பெரியவர்கள் மாத்திரையைக் குழந்தைக்குத் தொடவே கூடாது.

ஏழு: கடையில் அழகான அட்டைப் பெட்டியில் பழரசம் மாதிரி விற்றதையெல்லாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. சர்க்கரை மிகுந்த அவை பேதியைக் கூட்டும். சரியான சூத்திரத்தில் இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக் கூடாதென்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண்ணோ உச்சிக்குழியோ உள்ளே போயிருக்கிறது, குடிக்க மறுக்கிறான், எழுப்பினாலும் துவண்டு தூங்குகிறான், மலத்தில் ரத்தம், வாந்தி நிற்கவேயில்லை, கடும் காய்ச்சல்... இதில் ஒன்று இருந்தாலும் தயிரா மோரா என்று யாரையும் கேட்காதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள். பேதி இருக்கும் நாட்களில் டயப்பரைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணி கட்டினால் சிறுநீர் போவது தெரியும்.

வராமல் தடுக்க

ரோட்டா வைரஸுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எம்.கே. பானும் அவருடைய குழுவினரும் பச்சைக் குழந்தைகளிடம் கண்டெடுத்த வைரஸ் வகையிலிருந்து நம் நாட்டிலேயே தயாரானது ஒன்று. 2016-ல் நாலு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்த்து, பிறகு நாடு முழுதும் வந்துவிட்டது. 6, 10, 14-வது வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். இதைப் போட்டாலும் பேதியே வராதென்று இல்லை. எங்கள் பிள்ளைக்கும் மூன்று தவணையும் போட்டிருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும் கடுமையான ரோட்டா பேதியில் பாதிக்கு மேல் தடுத்துவிடுகிறது. முதல் தவணையை உரிய வயதில் தொடங்க வேண்டும். தள்ளிப் போட்டுக்கொண்டே போனால் பிறகு கொடுக்க முடியாமல் போகும். நோரோவுக்கு இந்த மருந்து உதவாது.

கைக்குத் தடவும் சானிடைசரை நம்பி இருக்காதீர்கள். நோரோ வைரஸுக்கு அது போதாது. சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகும், சமைப்பதற்கு முன்னாலும், ஊட்டுவதற்கு முன்னாலும். நோய்த் துணிகளைத் தனியே கொதிநீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். வாந்தி பட்ட தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடையுங்கள். பேதி நின்ற பிறகும் பல நாட்கள் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டு வாரமாவது இந்த ஜாக்கிரதை வேண்டும்.

தயிரை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆறு மாதம் தாண்டிய குழந்தையிலிருந்து பாட்டி வரை தினமும் சாப்பிடட்டும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்? பேதி நாட்களில் அது தட்டில் இருக்கட்டும், ஓ.ஆர்.எஸ். டம்ளரில் இருக்கட்டும். இரண்டுக்கும் போட்டி வேண்டாம்.

கைக்குழந்தை உள்ள சகோதரிகள் இன்றைக்கே இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, ஐந்து மில்லி ஸ்பூன் ஒன்றையும் சேர்த்து, ஒரு டப்பாவில் போட்டு அடுக்களையில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். காலாவதித் தேதியை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறந்த வீட்டுக்கோ புகுந்த வீட்டுக்கோ பிள்ளையோடு புறப்படும்போது பால் பாட்டிலை மறந்தாலும் அந்த டப்பாவை மறக்க வேண்டாம்.